பெயர் தவறினால் கணக்கும் தவறும்: ஒத்த ஊசித்தட்டான்களை நிழற்படம் கொண்டு இனங்காணல்

திட்டமிடுதலின் முதற்படி கணக்கெடுப்பு. மக்கள் தொகை, கால்நடை, விளைநிலம், நீர்நிலை ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணி அறிந்த பின்னரே எத்திட்டமும் உருப்பெறுகிறது. உயிரினங்களின் கணக்கில் மட்டும் ஒரு தனி இடர் உண்டு. மாடுகளை எண்ணுபவருக்கு எதை எண்ணுகிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குளக்கரைப் புல்லில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு பூச்சியைப் பதிவு செய்பவர், எண்ணுவதற்கு முன்னர் அதன் பெயரை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெயர் தவறினால் அதன்மேல் எழுப்பப்படும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது இக்குழுக்களின் முதன்மையான பணியாகும். இப்பதிவேடுகளுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டுவோருள் மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் பலர். அவர்கள் கையில் இருப்பது வலையோ பூதக்கண்ணாடியோ அன்று. கைப்பேசி அல்லது நிழற்படக் கருவியே. ஆகவே, ஒரு படத்தைக் கொண்டு எந்த அளவுக்குப் பெயர் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் வினா இன்று நிர்வாக முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஊசித்தட்டான்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

பள்ளுருத்தியின் நீரும் நிலமும்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே அமைந்துள்ளது பள்ளுருத்தி. 1967இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது, முன்னர் ஊராட்சியாக இருந்த இப்பகுதி அதனுடன் இணைக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல், இடையே கால்வாய்கள், குளங்கள், சதுப்புகள், தாழ்ந்த வயல்கள் என்பது இக்கரையோரப் பகுதியின் பொதுவான அமைப்பு. தெற்கே கும்பளங்கி, செல்லானம் ஆகிய ஊர்களை ஒட்டிப் பொக்காளி வயல்கள் பரந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை உவரைக் கழுவிச் செல்லும் மாதங்களில் இவ்வயல்களில் நெல் விளைகிறது. மழை ஓய்ந்து உவர்நீர் ஏறியதும் அதே வயல்களில் இறால் வளர்க்கப்படுகிறது. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் பெரும்பாலும் இன்றி நடைபெறும் இச்சாகுபடியின் விளைபொருளான பொக்காளி அரிசி 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்நீர்ப்பரப்புகள் எல்லாம் சேர்ந்த வேம்பநாடு–கோல் ஈரநிலத் தொகுதி, 2002ஆம் ஆண்டு முதல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இந்த அமைப்பில் கவனிக்கத்தக்கது நீரின் தன்மை. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் 1970களில் எழுந்த தடுப்பணை, தெற்கேயுள்ள குட்டநாட்டுக்குள் உவர்நீர் புகாமல் தடுக்கிறது. அணைக்கு வடக்கே உள்ள கொச்சிப் பகுதியிலோ கடலின் ஏற்றவற்றம் தங்குதடையின்றி உள்ளே வந்து போகிறது. எனவே ஒரே ஊரில், மழைநீர் தேங்கிய நன்னீர்க் குட்டையும் ஆண்டின் பாதி நாள் உவர்க்கும் கால்வாயும் சில நூறு அடி இடைவெளியில் இருக்கக்கூடும். எந்த நீரில் எந்தப் பூச்சி வளர்கிறது என்பதை இனம் பிரித்து அறிந்தால், நீரின் நிலையைப் பூச்சியே சொல்லிவிடும். அதற்கு முதலில் இனம் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசித்தட்டானின் பயன்

தட்டான்களும் ஊசித்தட்டான்களும் ஒடொனேட்டா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இவை முட்டைப் பருவத்தையும் இளம்பருவத்தையும் நீரில் கழித்து, முதிர்ந்தபின் காற்றில் பறக்கின்றன. ஆகவே நீர் கெட்டாலும் கரை கெட்டாலும் இவை பாதிக்கப்படுகின்றன. நீரில் வாழும் இளம்பூச்சிகள் கொசுப்புழு உள்ளிட்ட சிற்றுயிர்களை உண்கின்றன. பறக்கும் பூச்சிகளும் கொசு முதலானவற்றைப் பிடித்துத் தின்கின்றன. கொசுத்தொல்லை மிகுந்த கரையோர நகரங்களில் இதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 டிசம்பரில் இவ்வரிசையைப் பற்றிய தன் முதல் உலகளாவிய மதிப்பீட்டை வெளியிட்டது. மதிப்பிடப்பட்ட 6,016 இனங்களுள் 16 சதவீதம் அழியும் அபாயத்தில் உள்ளதாக அது தெரிவித்தது. ஈரநிலங்களின் அழிவே இதற்கு முக்கிய காரணமாகக் காட்டப்பட்டது. ஈரநிலம் ஒன்றை நிரப்பலாமா, கால்வாய் ஒன்றைக் கல் கொண்டு கட்டலாமா என்ற கேள்வி எழும்போது, அங்கு வாழும் ஊசித்தட்டான்களின் பட்டியல் ஒரு சான்றாவணமாகிறது.

உடலமைப்பு: படத்தில் பார்க்க வேண்டியவை

ஊசித்தட்டானைத் தட்டானிலிருந்து பிரிப்பது எளிது. தட்டான் பருத்த உடலுடையது. அமரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் மெலிந்தது, அதன் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஏறத்தாழ ஒரே வடிவின, பெரும்பாலான இனங்கள் அமரும்போது இறக்கைகளை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். தலையின் இருபுறமும் கண்கள் நன்கு விலகி, தராசுத் தட்டுகள் போல நிற்கும்.

மக்கள் வழக்கில் வால் எனப்படும் நீண்ட பகுதி உண்மையில் வயிறே ஆகும். அது 10 கண்டங்களால் ஆனது. மார்பை ஒட்டியது 1ஆம் கண்டம். முனையில் இருப்பது 10ஆம் கண்டம். எந்தக் கண்டத்தில் எந்த நிறம் என்று எண்ணிப் பார்ப்பதே இனங்காணலின் அரிச்சுவடி. ‘வால்முனை நீலம்’ என்பது போதாது. ‘8ஆம் கண்டம் முழுவதும் நீலம்’ என்று சொல்லப் பழக வேண்டும்.

10ஆம் கண்டத்தின் முடிவில் ஆணுக்கு இரு இணைப் பற்றுறுப்புகள் உள்ளன. ஓர் இணை மேலே, ஓர் இணை கீழே. புணர்ச்சிக் காலத்தில் ஆண் இவற்றால் பெண்ணின் முன்மார்பைப் பற்றிக்கொள்கிறது. பூட்டும் திறவுகோலும் போல, ஓர் இனத்தின் ஆண் பற்றுறுப்பு அவ்வினப் பெண்ணின் முன்மார்பு வடிவத்திற்குப் பொருந்துமாறு அமைந்துள்ளது. நிறம் வயதுக்கேற்ப மாறினாலும் இவ்வடிவம் மாறுவதில்லை. ஆகவேதான் வல்லுநர்கள் நிறத்தைக் கடைசியாகவும் பற்றுறுப்பை முதலாகவும் பார்க்கின்றனர். எப்.சி. ஃபிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தட்டான்கள் பற்றிய பெருநூலிலும் பற்றுறுப்புகளின் வரைபடங்கள் பல இடம்பெற்றுள்ளன.

நிறம் ஏமாற்றும் நான்கு வழிகள்

முதலாவது வயது. நீரிலிருந்து வெளிவந்து தோலுரித்த பூச்சி வெளிறியிருக்கும். அதன் நிறம் முழுமை பெறப் பல நாட்கள் ஆகும். அந்நாட்களில் எடுக்கப்பட்ட படம் எந்த நூலின் படத்தோடும் பொருந்தாது.

இரண்டாவது பால் வேறுபாடு. நூல்களில் பெரும்பாலும் முதிர்ந்த ஆணின் படமே அச்சாகிறது. பெண் வேறு நிறத்தில் இருப்பது மட்டுமன்றி, சில இனங்களில் பெண்களுக்குள்ளேயே இருவேறு நிறங்கள் உண்டு. இஸ்க்னூரா செனகலென்சிஸ் இனத்தில் ஆணைப் போன்றே தோற்றமளிக்கும் பெண்களும், அவ்வாறில்லாத பெண்களும் காணப்படுகின்றன. இதன் இளம்பெண் செம்மஞ்சள் நிறத்தது. வேறோர் இனமெனத் தவறாகக் கொள்ளப்படுவது இயல்பு.

மூன்றாவது வெண்பொடி. சில இனங்களில் வயது ஏற ஏற உடலின் மேல் திருநீறு பூசியது போல வெண்மை படிகிறது. அடியிலுள்ள நிறக்கோடுகளை அது மறைத்துவிடும்.

நான்காவது கருவி. மின்னொளியில் நீலம் ஊதாவாகவும், மாலை வெயிலில் மஞ்சள் செம்மஞ்சளாகவும் பதிவாகக்கூடும். மேலும், படத்தில் அளவு தெரிவதில்லை. 2 செ.மீ. நீளமுள்ள பூச்சியும் 4 செ.மீ. நீளமுள்ள பூச்சியும் படச்சட்டத்தை ஒரே அளவில் நிரப்பி நிற்கும்.

அடிக்கடி குழம்பும் இனங்கள்

கேரளத்தின் தாழ்நில நீர்நிலைகளில் பரவலாகக் காணப்படும் சில இனங்களைக் கொண்டு மேற்கூறியவற்றை விளக்கலாம்.

சதுப்பு நில மஞ்சள் இனங்கள்: செரியாக்ரியான் கோரமண்டெலியானம் இந்தியா முழுவதும் பரவிய இனம். 1798இல் ஃபெப்ரீசியஸ் இதனை விவரித்தார். இதன் பெயரில் உள்ள கோரமண்டல், சோழமண்டலக் கரையைக் குறிப்பது. ஆணின் வயிறு கறையற்ற மஞ்சள். மார்பு ஆலிவ் பச்சை. மார்பில் கோடுகள் இல்லை. இதன் உறவினமான செரியாக்ரியான் செரினோருபெல்லத்தில் வயிற்றின் தொடக்கமும் முனையும் செங்கல் நிறம்; நடுப்பகுதி கருமை சார்ந்தது. செரியாக்ரியான் ரூபியே இனத்தில் உடல் முழுவதும் செம்மஞ்சள். முதிர்ந்த ஆண்களைப் பொறுத்தவரை இம்மூன்றையும் நல்ல படம் ஒன்றைக் கொண்டே பிரித்துவிடலாம். பெண்களிலும் இளம்பூச்சிகளிலும்தான் இடர்ப்பாடு. இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோரமண்டெலியானத்தை ஒத்த செரியாக்ரியான் குரோமோதொராக்ஸ் என்னும் இனம், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் பகுதியிலிருந்து 2019இல்தான் புதிதாக விவரிக்கப்பட்டது. மேற்குக் கரையில் எடுக்கப்பட்ட பழைய படங்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அவற்றை மறுஆய்வு செய்ய இயலும். பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால் இயலாது.

புல்வெளி இனங்கள்: இஸ்க்னூரா செனகலென்சிஸ் ஆணின் வயிறு மேற்புறம் கறுப்பு, 8ஆம் கண்டம் பளிச்சென்ற நீலம். இஸ்க்னூரா ருபிலியோ ஆணுக்கும் வால்முனையில் நீலம் உண்டு. ஆனால் அதன் வயிறு மஞ்சள். இரண்டாவது இனம் பழைய நூல்களில் இஸ்க்னூரா அரோரா என்ற பெயரில் காணப்படும். இந்திய வடிவம் பின்னர் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே பதிவேட்டில் பெயரை எழுதும்போது, எந்த நூலைப் பின்பற்றிப் பெயர் சூட்டப்பட்டது என்பதையும் எழுதுதல் நன்று. செனகலென்சிஸ் உவர் கலந்த நீரையும் தாங்கி வளரக்கூடியது. அதை மட்டும் மிகுதியாகக் கொண்ட ஒரு கால்வாயை, பல இனங்கள் வாழும் ஒரு நன்னீர்க் குளத்தோடு சமமாக மதிப்பிட இயலாது.

மிகச் சிறியவை: அக்ரியாக்னெமிஸ் பிக்மேயாவின் நீளம் சுமார் 2 செ.மீ. மட்டுமே. மார்பில் கறுப்பும் பச்சையும் கலந்த கோடுகள். ஆணின் வால்முனை செங்கல் நிறம். அக்ரியாக்னெமிஸ் பியரிஸ் ஆண் முதிர்ந்தபின் வெண்மை பூண்டுவிடும். 1981இல் விவரிக்கப்பட்ட அக்ரியாக்னெமிஸ் கேரளென்சிஸ், பெயருக்கேற்பக் கேரளத்துடன் தொடர்புடையது. பிக்மேயாவுக்கும் இதற்கும் இடையே நிறத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது பாதுகாப்பன்று. பற்றுறுப்பின் வடிவம் தெரிய வேண்டும்.

பால்தும்பிகள்: கோபெரா மார்ஜினிபெஸ், கோபெரா விட்டாட்டா ஆகிய இரண்டும் நிழலான நீரோரப் புதர்களில் வாழ்பவை. முதிர்ந்த ஆணின் கால்களைப் பார்த்தால் போதும். முன்னதற்கு மஞ்சள், பின்னதற்குச் செம்மை. கால் மறையுமாறு எடுக்கப்பட்ட படம் எவ்வளவு அழகாயினும் இங்குப் பயன்படாது.

நீல நிற இனங்கள்: சூடாக்ரியான் மைக்ரோசெபாலம், சூடாக்ரியான் ஆஸ்ட்ரலேசியே ஆகிய இரண்டும் இளநீலமும் கறுப்பும் கலந்தவை. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இவற்றைப் பிரிக்க முயல்வது வீண். 2ஆம் கண்டத்தின் மேற்புறக் குறியும் பற்றுறுப்பின் வடிவமும் தெளிவாகத் தெரிந்தாலன்றி, ‘சூடாக்ரியான் பேரினம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

கேரளத்துத் தும்பி ஆர்வலர்கள் இவ்வினங்களுக்கு மலையாளத்தில் வழங்கியுள்ள பெயர்கள் கருதற்பாலன. செரினோருபெல்லம் ‘கனல்வாலன் சதுப்பன்’ எனப்படுகிறது. இரு கோபெராக்களும் முறையே ‘மஞ்ஞக்காலி பால்த்தும்பி’, ‘செங்காலி பால்த்தும்பி’. பிக்மேயா ‘நாட்டுப் புல்சின்னன்’. வாழிடத்தையும் அடையாளக் குறியையும் பெயரே சுமந்து நிற்பதால், பள்ளி மாணவரும் ஒரு முறை கேட்டால் மறப்பதில்லை. தமிழிலும் இத்தகைய பெயர்கள் நிலைபெற்றால் கள ஆய்வு எளிதாகும். எனினும் பதிவேட்டில் விஞ்ஞானப் பெயரும் உடன் இருத்தல் இன்றியமையாதது.

படம் எடுக்கும் முறை

ஒரு பூச்சிக்கு ஒரு படம் என்னும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். குறைந்தது நான்கு படங்கள் தேவை. பக்கவாட்டில் முழு உடலும் தெரிய ஒன்று; மேலிருந்து, கண்டங்களை எண்ணத்தக்கவாறு ஒன்று; தலையும் முன்மார்பும் தெரிய ஒன்று; வால்முனைப் பற்றுறுப்புகள் தெரிய ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் கருவியின் முகம் பூச்சியின் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் தலை தெளிந்து வால் மங்கிவிடும். அதிகாலையில் பூச்சிகள் குளிர்ந்து அசையாதிருப்பதால் அருகில் செல்வது எளிது.

ஆணும் பெண்ணும் இணைந்திருக்கும்போது படமெடுப்பது இரட்டைப் பயன் தரும். ஆணைக் கொண்டு பெண்ணின் பெயரையும் பெரும்பாலும் உய்த்துணரலாம். இனம் மாறி இணையும் நிகழ்ச்சிகள் அரிதாக உண்டு என்பதால், இதை வலுவான சான்றாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

படத்துடன் நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு நீரின் தன்மையும் குறிக்கப்பட வேண்டும். ‘பள்ளுருத்தி’ என்று மட்டும் எழுதினால் போதாது. வீட்டுக் குளமா, ஏற்றவற்றம் உள்ள கால்வாயா, பொக்காளி வயலின் வரப்பா, கண்டல் மரங்களின் ஓரமா என்பதே பிற்காலத்தில் ஒப்பிடுவோருக்குப் பயன்படும். அளவு தெரிய, பூச்சி பறந்தபின் அது அமர்ந்திருந்த இலை அல்லது தண்டின் அருகே ஓர் அளவுகோலை வைத்து மற்றொரு படம் எடுக்கலாம்.

ஒரு மாதிரித் தீர்ப்பு

பக்கவாட்டில் எடுக்கப்பட்ட ஒரு படம் ஆய்வுக்கு வருவதாகக் கொள்வோம். வால்முனை செம்மஞ்சள்; வயிற்றின் தொடக்கம் புல்லால் மறைந்துள்ளது. படத்தை அனுப்பியவர் ‘கனல்வாலன்’ என்று எழுதியுள்ளார்.

முதற்கேள்வி: கண்கள் விலகியுள்ளனவா? ஆம், ஆகவே இது ஊசித்தட்டான். இரண்டாவது: மார்பில் கோடுகள் உள்ளனவா? கறுப்பும் பச்சையுமான கோடுகள் தெரிகின்றன. செரியாக்ரியான் மார்பில் இத்தகைய கோடுகள் இல்லை; எனவே ‘கனல்வாலன்’ தள்ளப்படுகிறது. மூன்றாவது: அளவு என்ன? அருகிலுள்ள கோரைத் தண்டோடு ஒப்பிட, பூச்சி மிகச் சிறியது. கோடுள்ள மார்பும் சிற்றளவும் செம்மஞ்சள் முனையும் அக்ரியாக்னெமிஸ் பேரினத்தைச் சுட்டுகின்றன. நான்காவது: எந்த இனம்? பற்றுறுப்பு மங்கலாக உள்ளது. ஆகவே பிக்மேயாவா கேரளென்சிஸா என்பது இப்படத்தால் முடிவாகாது. பதிவு: ‘அக்ரியாக்னெமிஸ் பேரினம், ஆண், இனம் உறுதியில்லை.’

இங்குக் கவனிக்க வேண்டியது ஆய்வின் வரிசை. முதலில் ஒரு பெயரை நினைத்துக்கொண்டு அதற்குச் சான்று தேடுதல் கூடாது. பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிய பின்னர் எஞ்சுவதே பெயர். ஒன்றுக்கு மேல் எஞ்சினால், எஞ்சியவை அனைத்தும் அடங்கும் பெரும் பிரிவின் பெயரை எழுதுவதே நேர்மையான பதிவு. ‘உறுதி’, ‘பேரினம் மட்டும் உறுதி’, ‘குடும்பம் மட்டும் உறுதி’ என்ற மூன்று தரங்களைப் பதிவேட்டில் தனிப் பத்தியாகவே வைத்துவிடலாம்.

சிறு பிழை, பெரு விளைவு

நூற்றுக்கு ஐந்து பிழை என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாகத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு இதன் உண்மை நிலையைக் காட்டும். ஒத்த தோற்றமுடைய இரு இனங்களின் 1,000 படங்கள் வருவதாகவும், அவற்றுள் 990 பொது இனத்தின் படங்கள், 10 அரிய இனத்தின் படங்கள் எனவும் வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் ஒவ்வொரு நூறிலும் ஐந்தைத் தவறாகக் கொள்கிறார். அவ்வாறாயின் 990இல் ஏறத்தாழ 50 படங்கள் அரிய இனமாகப் பதிவாகும். உண்மையான 10இல் 9 அல்லது 10 சரியாகப் பதிவாகும். ஆக, அரிய இனம் என்று பதிவான சுமார் 59 பதிவுகளில், ஆறில் ஒரு பங்கே மெய். ஐந்து சதவீதப் பிழை, அரிய இனத்தின் பட்டியலில் எண்பது சதவீதத்திற்கும் மேற்பட்ட பொய்யாக விரிந்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் செலவு மிக்கதன்று. ‘அரியது’ என்று முதலாமவர் கூறிய படங்களை மட்டும், அவர் கூறியதை அறியாத இரண்டாமவர் ஒருவர் பார்க்கட்டும். அவருக்கும் அதே ஐந்து சதவீதப் பிழை உண்டு என்று கொண்டாலும், இருவரும் தவறுவது ஒன்றையொன்று சாராத நிலையில், பொய்ப் பதிவுகள் 50இலிருந்து 2 அல்லது 3 ஆகக் குறைந்துவிடும். மெய்ப் பதிவுகளில் 9 நிற்கும். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மெய்யாகிவிடுகிறது. 1,000 படங்களையும் இருமுறை பார்க்க வேண்டியதில்லை; 59 படங்களைப் பார்த்தால் போதும். இரண்டாமவர் முதலாமவரின் முடிவை அறிந்திருந்தால் மட்டும் இப்பயன் கிட்டாது.

பிழையின் விலை எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும். 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமும், 2017ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகளும் நடைமுறையில் உள்ள சூழலில், ஒரு வயலை அல்லது சதுப்பை நிரப்புவது பற்றிய விவாதத்தில் உயிரினப் பட்டியல் முன்வைக்கப்படுவது இயல்பு. இல்லாத அரிய இனத்தை இருப்பதாகக் காட்டிய பட்டியலில் அந்த ஒரு பதிவு பொய்யென நிறுவப்பட்டால், எஞ்சிய மெய்ப் பதிவுகளும் நம்பிக்கை இழக்கின்றன. பாதுகாக்க முனைந்தவரின் ஆர்வமே பாதுகாப்புக்குக் கேடாகிறது. மறுபுறம், இருக்கும் அரிய இனத்தைப் பொது இனமெனப் பதிந்தால், இழப்பு எவருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். முதற்பிழை ஒரு நாள் வெளிப்படும். இரண்டாவது பிழை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. எனவே ஐயத்திற்குரிய படத்தைப் பொது இனத்தின் பெயரில் அடைத்துவிடாமல், ஐயமென்றே பதிந்து வைத்தல் இரு பிழைகளுக்கும் காப்பாகும்.

படத்தின் எல்லை

எவ்வளவு நல்ல படமும் தீர்க்க முடியாத இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் ஓடைகளில் வாழும் புரோட்டோஸ்டிக்டா பேரினம் இதற்குச் சான்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி மலையிலிருந்து புரோட்டோஸ்டிக்டா பொன்முடியென்சிஸ் 2015இல் விவரிக்கப்பட்டது. அதே பேரினத்தில் புரோட்டோஸ்டிக்டா அர்மகெடோனியா 2023இல் விவரிக்கப்பட்டது. உலகெங்கும் பூச்சிகள் அருகி வருவதை நினைவூட்டவே ஊழிக்காலத்தைக் குறிக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. இத்தகைய இனங்களில் முன்மார்பின் குறியும் பற்றுறுப்பின் நுண்வடிவமும் உருப்பெருக்கியின் கீழ் ஆராயப்பட வேண்டியவை. அங்கு மாதிரிகளைச் சேகரிப்பதும் ஒப்பிடுவதும் 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களின் பணி. படம் எடுப்பவரின் கடமை, ஆய்வுக்குரிய இடத்தையும் காலத்தையும் துல்லியமாகச் சுட்டிக்காட்டுவதே.

செயற்குரியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பதிவேட்டில் பெயருடன் படமும் நிலையாகச் சேமிக்கப்பட வேண்டும். பெயர் மாறலாம், படம் மாறாது. இரண்டாவதாக, உறுதியின் தரத்தைக் குறிக்கும் பத்தி ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, அரியன எனக் கூறப்படுபவை இரண்டாமவர் ஒருவரின் தனிப்பட்ட பார்வைக்குப் பின்னரே பட்டியலில் ஏற வேண்டும். நான்காவதாக, கணக்கெடுப்பு ஒரு பருவத்தோடு முடிந்துவிடலாகாது. பொக்காளி வயலில் நெற்பருவத்து நன்னீரில் காணப்படுபவையும் இறால் பருவத்து உவர்நீரில் காணப்படுபவையும் ஒன்றாக இரா. ஐந்தாவதாக, ஊசித்தட்டான்கள் நீர்த்தாவரங்களின் திசுக்களில் முட்டையிடுகின்றன. கால்வாயைத் தூர்வாரும்போது கரையோரத் தாவரங்கள் அனைத்தையும் ஒரே நாளில் அகற்றாமல், பகுதி பகுதியாக அகற்றினால் இவை மீண்டும் பெருக வழி இருக்கும்.

கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இப்பயிற்சிக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு குளம், ஒரு கருவி, எண்ணிப் பார்க்கும் பொறுமை ஆகியவை போதும். மாணவர் ஒருவர் முதலாண்டில் பத்து இனங்களின் பெயரைக் கற்பதைக் காட்டிலும், தம் முன் உள்ள படத்தில் எந்தக் கண்டம் தெரியவில்லை என்பதைச் சொல்லக் கற்பது மேலானது. ‘இப்படத்தைக் கொண்டு இதற்குமேல் கூற இயலாது’ என்று எழுதும் பயிற்சி, பூச்சிகளின் கணக்குக்கு மட்டுமன்றி, புள்ளிவிவரத்தைக் கையாளும் எத்துறையின் அலுவலருக்கும் பயன் தருவதாகும்.